விடுதி மாணவர்களின் தற்கொலை அபாயம்: 23 வரிப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

#1 விடுதிக்காரர் (டர்பன்)

வணக்கம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தைச் சுற்றியுள்ள தனியார் மாணவர் விடுதிப் பொறுப்பாளர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. நான்கே பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்போதைய வரைவில் 'அபாயக் காரணிகள்' என்று 23 வரி இருக்கிறது: மனச்சோர்வு, குடி, காதல் முறிவு, பணக்கஷ்டம், தேர்வில் தோல்வி, தனிமை, இப்படியே போகிறது. இதை அளவுகோலாக வைத்தால் மே, நவம்பர் மாதங்களில் விடுதியில் பாதிப் பேர் அபாயத்தில் இருப்பதாகத்தான் கணக்கு வரும்.

எனக்கு வேண்டியவை இரண்டு. இந்த 23-இல் எது உண்மையில் கனமானது? மனநல நிபுணர் யாரும் இல்லாத விடுதியில், இரவு 11 மணிக்கு ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டினால் பொறுப்பாளர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

#2 நெறியாளர்

தொடங்குமுன் இரண்டு நிபந்தனைகள். வழிமுறைகளை யாரும் விவரிக்கக் கூடாது. இறந்துபோன மாணவர் யாரையும் அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது. மீறும் பதிவை விளக்கம் கேட்காமல் நீக்கிவிடுவோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போதே மனம் அந்தப் பக்கம் போகிறது என்றால், இழையை மூடிவிட்டு 0800 567 567-ஐ அழையுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவான சாடாக்கின் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள். ரீயூனியனில் இருப்பவர்களுக்கு 3114.

#3 தேன்மொழி (மருத்துவ உளவியல்)

23 வரியும் சரிதான். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டியிருப்பதுதான் சிக்கல். சாகலாம் என்ற எண்ணத்தைக் கிளப்பிவிடும் காரணிகள் ஒரு வகை. அந்த எண்ணத்தைச் செயலுக்குத் தள்ளும் காரணிகள் இன்னொரு வகை. உளவியலாளர் ரோரி ஓ'கானர் 2011-இல் முன்வைத்து, கர்ட்லியோடு சேர்ந்து 2018-இல் திருத்திய கோட்பாடு இந்தப் பிரிவின்மேல்தான் நிற்கிறது. கையேட்டையும் அப்படியே இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் வகையின் மையத்தில் இருப்பவை இரண்டு உணர்வுகள்: தோற்றுப்போனேன் என்பது ஒன்று, இதிலிருந்து வெளியே வர வழியில்லை என்பது மற்றொன்று. தோல்வி தனியாக வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு எழுந்துகொள்வார்கள். வழி அடைபட்டுப்போனது என்ற நினைப்பும் சேரும்போதுதான் எண்ணம் வேர் பிடிக்கிறது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் ஏழு பாடத்திலும் 80-க்கு மேல் வாங்கிய பெண், குடும்பமே கூடி வழியனுப்பியது. முதல் அரையாண்டில் ஒரு பாடத்தில் 43. பல்கலைக்கழக விதிப்படி இது பெரிய விஷயமே இல்லை. தேர்ச்சி 50, நாற்பதுகளில் வாங்கியவருக்குப் பெரும்பாலும் துணைத்தேர்வு உண்டு. ஆனால் அவள் மனசில் ஓடுவது வேறு: அப்பாவிடம் 'நல்லாப் போகுது' என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, பாடத்தை மாற்றினால் உதவித்தொகை போய்விடும், ஒரு வருடம் வீணானால் தங்கையின் படிப்புக்குப் பணம் இருக்காது. மூன்று பக்கமும் சுவர்.

இங்கே பொறுப்பாளர் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தெந்த வழியெல்லாம் அடைபட்டுப்போச்சுன்னு தோணுது?" என்பது. பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். துணைத்தேர்வு எந்தத் தேதி, துறையில் யாரிடம் மேல்முறையீடு, எந்தப் பாடத்தைத் திரும்பப் பதியலாம். அடைபட்டதாக நினைத்தவற்றில் சில உண்மையில் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் ஆறுதல் வார்த்தையைவிட விதிப்புத்தகம் அதிகம் உதவும்.

அடுத்தது, தாமஸ் ஜாய்னர் 2005-இல் எழுதிய கோட்பாட்டில் வரும் இரண்டு உணர்வுகள்: எனக்கென்று யாருமில்லை என்பதும், நான் எல்லாருக்கும் பாரம் என்பதும். நம் குடும்பங்களில் இரண்டாவதைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். பாசம் குறையாத வீட்டிலும் அது வரும், பாசம் கூடிய வீட்டில் சற்று அதிகமாகவே வரும். அரசு உதவித்தொகைக்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ராண்ட். அதைக் கொஞ்சம் தாண்டிவிட்ட வீடு என்றால் உதவியும் இல்லை, கையில் பணமும் இல்லை. அப்பா கடன் வாங்குகிறார், ஆயாவின் ஓய்வூதியம் விடுதி வாடகைக்குப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளை "நான் இல்லாட்டி இந்தச் செலவாவது மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று இரவே தனியாக உட்கார வைத்துக் கேட்கவேண்டிய வாக்கியம் அது.

தன்மேல் தானே வைக்கும் உயர்ந்த அளவுகோலும், 'மற்றவர்கள் என்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறார்கள்' என்ற நம்பிக்கையும் ஒன்றல்ல. ஹெவிட், பிளெட் இருவரும் 1991-இல் இவற்றைப் பிரித்து அளந்தார்கள். தற்கொலை எண்ணத்தோடு தொடர்ந்து சேர்ந்து வருவதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுவது இரண்டாவதைத்தான்.

இனி இரண்டாம் வகை, எண்ணத்தைச் செயலுக்குத் தள்ளுபவை. முன்பு ஒருமுறை முயன்றிருப்பது. திட்டம் இருப்பது. தன் சாவு மனக்கண்ணில் படமாகத் திரும்பத் திரும்ப ஓடுவது. நெருங்கியவர் யாராவது அப்படி இறந்திருப்பது. அவசரப் புத்தி. குடி. சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. இவற்றோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் மனச்சோர்வைக் கழித்துப் பார்த்தாலும் தனியாக அபாயத்தைக் கூட்டுகின்றன. படுக்கையை விட்டு எழாத பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள். மூன்று இரவு தூங்காமல், உள்ளுக்குள் கொதித்தபடி அறைக்குள் நடந்துகொண்டே இருக்கும் பிள்ளை 'படிக்கிறான்' என்று விடுபட்டுப்போகும்.

தடித்த எழுத்து இந்த இரண்டாம் வகைக்கு மட்டும் போதும்.

#4 கணக்குப்பிள்ளை (உயிரிப் புள்ளியியல்)

தேன்மொழி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பட்டியலாலும் 'யார்' என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிராங்க்ளினும் குழுவும் 2017-இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகள் 365-ஐத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்தக் காரணியைத் தனியாக எடுத்தாலும், முன்கணிக்கும் திறன் காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஏன் என்பதற்குக் கணக்கே போடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கல்லூரி மாணவர் திட்டத்தில் தென்னாப்பிரிக்கா உள்பட 8 நாடுகளில் 13,984 முதலாண்டு மாணவர்களைக் கேட்டார்கள் (2018 கட்டுரை). வாழ்நாளில் எப்போதாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 32.7%. கடந்த 12 மாதத்தில் எண்ணம் வந்தவர்கள் 17.2%. அதே 12 மாதத்தில் முயன்றவர்கள் 1.0%.

உங்களிடம் 5,000 மாணவர்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 50 பேர் முயலக்கூடும். மிக நல்ல கேள்வித்தாள் ஒன்று கிடைத்து, அபாயத்தில் இருப்பவரில் 80% பேரைப் பிடிக்கிறது, இல்லாதவரில் 90% பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றே கொள்வோம். 40 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தப்புவார்கள். கூடவே மீதி 4,950 பேரில் 495 பேர்மேல் தவறாக முத்திரை விழும். சிவப்புக் கோடு விழுந்தவர்கள் மொத்தம் 535. அவர்களில் உண்மையில் முயலக்கூடியவர் 100-க்கு ஏழெட்டுப் பேர்தான். நடைமுறையில் இவ்வளவு நல்ல கேள்வித்தாளும் கிடையாது.

ஆகவே, மதிப்பெண் குறைவாக வந்தது என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கே தவறு நடக்கிறது என்றால் இங்கேதான்.

#5 விடுதிக்காரர்

அப்படியானால் கேள்வித்தாளே வேண்டாமா ஐயா?

#6 சாட்ஸ்வர்த் செவிலி (மனநலப் பிரிவு)

வேணும் தம்பி, வேற வேலைக்கு. யார் சாகப்போறாங்கன்னு ஜோசியம் சொல்றதுக்கு இல்ல. இந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு ராத்திரி என்ன செய்யணும்னு தீர்மானிக்கிறதுக்கு.

தற்கொலை அபாயத்தைக் கேட்டு அளக்கற கொலம்பியா அளவுகோலோட சுருக்க வடிவம் ஆறு கேள்வி. இலவசம். பயிற்சி எடுத்தா யாரும் கேட்கலாம். பிள்ளைகளை நீங்க ஆங்கிலத்துலதான் கேட்பீங்க, ஆனா வீட்டுல ஆயா தாத்தாகிட்டப் பேசவேண்டி வரும், அதனால தமிழ்ல எழுதறேன்.

முதல் ரெண்டையும் எல்லார்கிட்டயும் கேட்கணும். போன ஒரு மாசத்துல, செத்துப்போனா தேவலை, தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு நினைச்சதுண்டா? உயிரை மாய்ச்சுக்கணும்னு நிஜமாவே எண்ணம் வந்ததுண்டா?

ரெண்டாவதுக்கு 'ஆமா'ன்னா அடுத்த மூணு: எப்படின்னு யோசிச்சீங்களா? செய்யணும்ங்கற உறுதி ஓரளவாவது இருந்துதா? விவரமா திட்டம் போட்டு, அதை நடத்தணும்னு இருந்தீங்களா? ரெண்டாவதுக்கு 'இல்ல'ன்னா நேரா ஆறாவதுக்குப் போங்க: எப்பவாவது முயற்சி செஞ்சதோ, அதுக்குத் தயார் பண்ணினதோ உண்டா? 'உண்டு'ன்னா, அது கடைசி மூணு மாசத்துக்குள்ளயா?

நாலாவதுக்கோ அஞ்சாவதுக்கோ ஆமா, இல்லன்னா ஆறாவது மூணு மாசத்துக்குள்ள: அந்தப் பிள்ளையைத் தனியா விடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே மருத்துவமனை. மூணாவது மட்டும் ஆமா, இல்லன்னா ஆறாவது பழைய கதை: தனியா விடாம, அன்னிக்கே மனநலத்துல யார்கிட்டயாவது ஃபோன்ல பேசி முடிவெடுங்க. முதல் ரெண்டு மட்டும்னா ஒரு வாரத்துக்குள்ள ஆலோசகர்கிட்ட நேரம் வாங்கிக் கொடுங்க. அதுவரைக்கும் தினமும் ஒருதரம் முகத்தைப் பாருங்க.

கேட்கும்போது எங்க தப்பாகுதுன்னா, "அப்படி ஏதும் விபரீதமா நினைக்கலதானே?"ன்னு கேட்கறது. 'இல்ல'ங்கற பதிலை நாமே வாயில ஊட்டி விடறோம். இன்னொண்ணு, பக்கத்துல அறைத்தோழன் நிக்கும்போது கேட்கறது. மூணாவது, பதில் வந்ததும் பதறி "ஐயோ, அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?"ன்னு சொல்றது. அம்மாவுக்கு பாரமா இருக்கோம்னுதான் அந்தப் பிள்ளை நினைச்சுக்கிட்டே இருக்கு.

கேட்டா எண்ணத்தைத் தூண்டி விட்டதாகுமோன்னு பயப்படாதீங்க. அதைச் சோதிச்ச ஆய்வுகள்ல அப்படி ஆகல. சிலருக்கு மனசு லேசானதாத்தான் வந்திருக்கு.

#7 பீனிக்ஸ் பையன் (மாணவர் மன்றம்)

எல்லாம் சரி, ஆனால் பிள்ளைகள் ஏன் வந்து சொல்வதில்லை என்று யாரும் எழுதவில்லை. காரணம் எளிது. சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயம். பல விடுதி ஒப்பந்தங்களில் 'தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அது சண்டை போடுகிறவனுக்காக எழுதியது என்று நீங்கள் சொல்வீர்கள். படிக்கிற பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'உதவி கேட்டதற்காக யாருடைய அறையும் போகாது' என்று எழுதி, ஒப்பந்தத்திலும் மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால் மீதி மூன்று பக்கத்தை அச்சடிக்காதீர்கள்.

இன்னொன்று, எந்த மாதத்தில் கவனிக்க வேண்டும் என்பது. பொத்தாம்பொதுவாக 'தேர்வு நேரம்' என்று எழுதுகிறார்கள். தேர்வுக்கு முன்னால் தகுதிப் பட்டியல் வரும், நாங்கள் டீப்பீ என்போம். வருகை, வகுப்பு மதிப்பெண் குறைந்தால் டீப்பீ கிடையாது, தேர்வே எழுத முடியாது. அந்தப் பட்டியல் ஒட்டும் வாரம் ஒன்று. முடிவு வரும் டிசம்பர் ஒன்று, அப்போது விடுதியே மூடியிருக்கும். கல்வி விலக்கல் கடிதம், மேல்முறையீடு, நிலுவைக் கட்டணத்தால் பதிவு நிற்பது எல்லாம் ஜனவரி, பிப்ரவரியில். உதவித்தொகை வந்து சேரத் தாமதமானால் வாடகைக்குக் கேட்டு வீட்டுக்காரர் துரத்துவதும் அதே பிப்ரவரி, மார்ச்சில்தான்.

#8 தேன்மொழி

பீனிக்ஸ் தம்பி சொன்ன அறை விஷயத்தை நான் முழுதும் ஆதரிக்கிறேன். பயந்து மறைக்கிற பிள்ளையிடம் ஆறு கேள்வி கேட்டு ஆறு 'இல்லை' வாங்கி என்ன பயன்?

அடுத்தது, கேட்டு முடித்த பின் செய்வது. ஸ்டான்லி, பிரவுன் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே தாள், ஆறு படிகள், அரை மணி நேரம் போல ஆகும். 2018-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே, அவசரப் பிரிவிலேயே இந்தத் தாளை எழுதிக் கொடுத்துப் பின் தொலைபேசியில் தொடர்ந்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 45% குறைவாக இருந்தது. மாணவர்கள் படைவீரர்கள் இல்லை என்பதை மறக்கவில்லை. இருந்தாலும் இவ்வளவு சுருக்கமான கருவியில் இதைவிட நல்ல சான்றுள்ளது அரிது.

படி 1, எச்சரிக்கை அறிகுறி. 'மனசு சரியில்லாதபோது' என்று எழுதினால் பயனில்லை. 'இரண்டு மணி தாண்டியும் தூங்காமல் பழைய மதிப்பெண் பக்கத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தால்' என்பது பயன்படும். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொல்லாகவே இருக்க வேண்டும்.

படி 2, யார் உதவியும் இல்லாமல் தானே செய்யக்கூடியது. குளிப்பது, ஒரு குறிப்பிட்ட பாட்டு, மாடிப்படியில் நான்கு தடவை ஏறி இறங்குவது. ஒவ்வொன்றுக்கும் "ராத்திரி இரண்டு மணிக்கு இதைச் செய்வாயா? எது தடுக்கும்?" என்று கேளுங்கள். கடற்கரைக்குப் போவேன் என்றால் அந்த நேரத்தில் வண்டி கிடையாது, அடித்துவிடுங்கள்.

படி 3, கவனத்தைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும். இங்கே பிரச்சினையைச் சொல்லவேண்டியதில்லை, கூட இருந்தால் போதும். படி 4, உண்மையைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர். 3-ஐயும் 4-ஐயும் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கேரம் ஆடக் கூப்பிடும் நண்பன் 4-இல் வரவேண்டியதில்லை. படி 5, நிபுணர்கள், அவசர எண்கள். படி 6, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது: மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை சொன்ன பொருள் எதுவோ, அதைக் கைக்கெட்டாமல் எடுத்து வைப்பது, யார் எடுத்து வைப்பது என்ற பெயரோடு. உச்சக்கட்ட உந்துதல் நாள்கணக்கில் அப்படியே நிற்பதில்லை, ஏறி இறங்கும். அந்த நேரத்துக்கு இடையில் ஒரு தடை இருந்தால் போதும். ஒன்று கைக்குக் கிடைக்காவிட்டால் உடனே இன்னொன்றைத் தேடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை என்பதைப் பல நாட்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

'செய்துகொள்ள மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் சில அலுவலகங்களில் இன்னும் புழங்குகிறது. அது பலன் தரும் என்பதற்குச் சான்று இல்லை. வாங்குகிறவருக்கு மட்டும் நிம்மதி.

#9 எட்ஜ்கோம் கோயில் குழு

எங்கள் இளைஞர் குழுவிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. பிள்ளை பேசாமல் ஒடுங்கிவிட்டால் குடும்பம் முதலில் வருவது கோயிலுக்குத்தான். திருஷ்டி, செய்வினை, கிரக தோஷம் என்று நேர்த்தி வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது, சொல்லவும் கூடாது. "வெள்ளிக்கிழமை அர்ச்சனை, திங்கட்கிழமை கிளினிக், இரண்டுக்கும் நான் வருகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சந்தேகம். புரட்டாசி விரதத்திலும், காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்திலும் சில பிள்ளைகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் கேப்ஸ்யூல் சைவமில்லை என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

#10 சாட்ஸ்வர்த் செவிலி

நல்ல கேள்வி ஐயா, இதை எந்தக் கையேட்டுலயும் பார்த்ததில்ல. மனச்சோர்வுக்குக் கொடுக்கற ஃப்ளூஆக்ஸெட்டின் பெரும்பாலும் ஜெலட்டின் உறைக்குள்ளதான் வருது, அந்தப் பிள்ளை சொல்றது உண்மை. தானா நிறுத்தாம, விரதம் தொடங்க ஒரு மாசம் முன்னாடியே மருந்தாளர்கிட்டக் கேட்கச் சொல்லுங்க. அதே மருந்து மாத்திரை வடிவத்துல கிடைக்குதா, இல்லன்னா மாத்திரையா வர்ற வேற மருந்துக்கு டாக்டர் மாத்திக்கொடுப்பாரான்னு. உறையைப் பிரிச்சுத் தூளைக் கொட்டிச் சாப்பிடறதையும் கேட்காம செய்யக்கூடாது.

மனநிலை ரொம்ப ஏறி இறங்கறதுக்குக் கொடுக்கற லித்தியம் சாப்பிடற பிள்ளைன்னா இன்னும் கவனம். தண்ணி குடிக்காம விரதம் இருந்தாலோ, வெயில்ல காவடி தூக்கி வேர்த்துக் கொட்டினாலோ ரத்தத்துல லித்தியம் ஏறி நஞ்சாயிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தா நேரா மருத்துவமனை.

மருந்து தொடங்கற நேரத்தைப் பத்தியும் சொல்லிடறேன். பலன் தெரிய ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும். 24 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு முதல் சில வாரத்துல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துத்துறை 2007-லேருந்து கட்டம் கட்டி எச்சரிக்குது. அதுக்காக மருந்தே வேணாம்னு இல்ல. தூக்கம் கெட்டுப்போகுதா, படபடன்னு இருக்கான்னு வாரத்துக்கு ஒருதரம் பார்க்கணும், ஒரே தடவையில மூணு மாச மருந்தைக் கையில கொடுக்கக்கூடாது.

#11 விடுதிக்காரர்

அருமை. இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது அக்கா. பிள்ளை மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால்? பெற்றோருக்குச் சொல்லலாமா? எல்லாருமே 18 தாண்டியவர்கள். சில விடுதிகளில் முதல் வேலையே பெற்றோரைக் கூப்பிடுவதாக இருக்கிறது. எனக்கு அதுதான் சரி என்றும் படுகிறது.

#12 சாட்ஸ்வர்த் செவிலி

முதலாவதுக்குச் சட்டம் இருக்கு. 2002-ஆம் வருஷத்து 17-ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டம். தாமதம் பண்ணினா உயிருக்கே ஆபத்துங்கற நிலையில, சம்மதம் இல்லாமலும் 24 மணி நேரம் வரைக்கும் மருத்துவமனை கவனிக்கலாம். அதுக்கு மேல வைக்கணும்னா விண்ணப்பம் வேணும். துணைவரோ, நெருங்கிய உறவோ, பெற்றோரோ, கூட்டாளியோ கொடுக்கலாம். கொடுக்கிறவர் 18 வயசு தாண்டியிருக்கணும், முந்தின ஏழு நாளுக்குள்ள அந்தப் பிள்ளையை நேர்ல பார்த்திருக்கணும். அந்த மாதிரி யாரும் கிடைக்கலைன்னா மருத்துவப் பணியாளரே கொடுக்கலாம். மனநலப் பணியாளர் ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிச்சு ஒத்துக்கிட்டா 72 மணி நேரக் கண்காணிப்பு. இங்க தாமதம் எதுல ஆகுதுன்னா, கூட வந்தவருக்கு விவரமே தெரியாது. எத்தனை மணிக்கு என்ன சொன்னுச்சு, என்ன மருந்து சாப்பிடுது, முன்னாடி எப்போ முயற்சி செஞ்சுது, இதை அரைப் பக்கம் எழுதிக் கொண்டாங்க. உடனடி ஆபத்துன்னா 40-ஆம் பிரிவுப்படி போலீஸும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அது கடைசி வழி. தற்கொலை முயற்சி நம்ம நாட்டுல குற்றம் இல்ல, வழக்கு வராதுன்னு அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்க.

பெற்றோர் விஷயத்துல நான் உங்களோட ஒத்துப்போகல. சில வீட்டுல அவங்கதான் மருந்து, சில வீட்டுல அவங்ககிட்டேருந்துதான் பிள்ளை ஒளிஞ்சுக்குது. வேற மதத்துல காதல், ஓரினச் சேர்க்கைன்னு வீட்டுக்குத் தெரியக்கூடாதது ஏதாவது இருந்தா, நீங்க போடற ஒரு ஃபோன்லயே கடைசிக் கதவும் சாத்திடும்.

#13 விடுதிக்காரர்

நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், "ஏன் எங்களிடம் சொல்லவில்லை" என்று அந்த அப்பா அம்மா என்னைத்தானே கேட்பார்கள்?

#14 தேன்மொழி

கேட்பார்கள். அதனால்தான் இதை அந்த இரவில் தீர்மானிக்கக் கூடாது, பதிவு நாளிலேயே தீர்த்துவிட வேண்டும். படிவத்தில் இப்போது 'பெற்றோர் / பாதுகாவலர் தொலைபேசி' என்று ஒரு கட்டம்தான் இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மனநல நெருக்கடி என்றால் நீ முதலில் அழைக்கச் சொல்பவர் யார்? உன்னைக் கேட்காமலே அவரை அழைக்கச் சம்மதமா?' பெரியம்மா, தமக்கை, பழைய பள்ளி ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். உயிர் ஆபத்து உடனடியாக இருந்தால் ரகசியத்தை மீறி, தேவையான அளவுக்கு மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்லலாம். அந்த எல்லையையும் பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

அந்த இரவில் பெற்றோரை அழைப்பதென்றே முடிவானால், பிள்ளை பக்கத்தில் இருக்க, என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அதனிடம் முதலில் சொல்லிவிட்டு அழையுங்கள். மதிப்பெண் விஷயத்தைச் சொல்வது பிள்ளையின் பொறுப்பு. நீங்கள் சொல்லவேண்டியது அது பத்திரமாக இருக்கிறதா என்பதும், இப்போது எங்கே இருக்கிறது என்பதும் மட்டும்.

#15 கணக்குப்பிள்ளை

எல்லாரும் தனி ஆளின் மனத்தையே பேசுகிறீர்கள் என்பதால் ஒரு குறிப்பு. இதே டர்பனில் சமூகவியலாளர் பாத்திமா மீர் 1970-களிலேயே தற்கொலையை இனப் பாகுபாட்டோடும் சமூக நிலையோடும் சேர்த்து ஆராய்ந்தவர். வாடகைப் பாக்கிக்காக நடு இரவில் பூட்டு மாற்றும் விடுதியில் பாதுகாப்புத் திட்டத் தாள் எவ்வளவு எழுதினாலும் பாதிதான் பயன். கட்டணக் கெடு பற்றிய கடிதம் வெள்ளிக்கிழமை மாலையில் போகக் கூடாது, ஆலோசனை அலுவலகம் திங்கள் வரை மூடியிருக்கும் என்பது போன்ற சின்ன விதிகளையும் சேர்க்கப் பாருங்கள்.

#16 பீனிக்ஸ் பையன்

இதற்கு என் முழு ஆதரவு. மின்னஞ்சலில் வரும் விலக்கல் கடிதத்தின் முதல் பத்தியிலேயே மேல்முறையீட்டுத் தேதி இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இப்போது அது மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. முதல் வரியோடு மூடிவிடுகிறவர்கள் அதுவரை போவதில்லை.

#17 விடுதிக்காரர்

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த பிள்ளையை எப்படி நடத்துவது? பெரும்பாலும் எல்லாரும் ஒதுங்கிப் போகிறார்கள், அல்லது பத்து பேர் வாசலில் காவல் நிற்கிறார்கள்.

#18 சாட்ஸ்வர்த் செவிலி

வீடு திரும்பின முதல் வாரமும் முதல் மாசமும்தான் அபாயம் அதிகம். 'சரியாயிடுச்சு'ன்னு எல்லாரும் கையைக் கழுவறதும் அப்பத்தான். வந்த ஏழு நாளுக்குள்ள ஒரு கிளினிக் நேரம் உறுதியா இருக்கணும். ஒரு ஆள் கூடப் போகணும். அறையை மாத்தாதீங்க, பிள்ளையே கேட்டா ஒழிய. தாளை மறுபடி எடுத்து ஆறு படியும் இன்னும் பொருந்துதான்னு பாருங்க. பாதி எண்கள் மாறியிருக்கும்.

#19 தேன்மொழி

சின்னச் செய்திகளையும் விடாதீர்கள். மனநல மருத்துவர் ஜெரோம் மாட்டோ சான் பிரான்சிஸ்கோவில், மருத்துவமனையிலிருந்து வந்தபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரில் ஒரு பாதிக்குச் சில வரிக் கடிதங்களை ஐந்து ஆண்டு அனுப்பினார். முதல் இரண்டு ஆண்டில் அந்தக் குழுவில் தற்கொலை குறைவு. கடிதத்தில் அறிவுரையும் இல்லை, 'மருந்து சாப்பிட்டாயா' என்ற விசாரிப்பும் இல்லை. வாட்ஸப்பில் இப்படிப் போதும்: "உன்னை நினைச்சேன். பதில் போடணும்னு இல்ல. எப்ப வேணா கூப்பிடு." முதல் மாதம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. எப்போது அனுப்புவது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஞாபகத்தை நம்பினால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும்.

#20 விடுதிக்காரர்

இரவு 11 மணிக்கான பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

தனியறைக்கு அழைத்துப் போ, தண்ணீர் கொடு, ரகசியத்தின் எல்லையைச் சொல். என்ன நடந்தது என்று பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேள். ஆறு கேள்வி. அபாயம் அதிகமென்றால்: கூடவே இரு, இன்னொரு பொறுப்பாளரை எழுப்பு, பொருளை அப்புறப்படுத்து, ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112, வரும்வரை அரைப் பக்கக் குறிப்பு எழுது. நடுத்தரம் என்றால்: 0800 567 567-ஐ ஒலிபெருக்கியில் போட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பேசு, ஆறு படித் தாள், அறையில் யாராவது உடன் படுக்கட்டும், காலை 8-க்கு ஆலோசகர். குறைவென்றால்: அடைபட்ட வழிகளின் தாள், ஒரு வாரத்துக்குள் ஆலோசகர், தினமும் ஒருமுறை பார்.

#21 சாட்ஸ்வர்த் செவிலி

வரிசை சரி. ரெண்டு திருத்தம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகலாம், சொந்த வண்டியில கொண்டுபோறதா இருந்தா ஓட்டறவர் தவிர இன்னொருத்தர் பின்னாடி பிள்ளை பக்கத்துல உட்காரணும்னு எழுதுங்க. பிள்ளை குடிச்சிருந்தா, கேட்ட ஆறு கேள்வியையும் போதை தெளிஞ்சப்புறம் மறுபடி கேட்கணும், அதுவரைக்கும் அபாயம் அதிகம்னே வெச்சுக்கோங்க.

#22 பீனிக்ஸ் பையன்

டிசம்பரில் விடுதி மூடியிருக்கும்போது அந்தத் தொலைபேசி யார் கையில் இருக்கும் அண்ணா? முடிவு வெளியாகிற வாரம் அதுதான். பெயரும் எண்ணும் இல்லாமல் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

#23 விடுதிக்காரர்

நியாயம். ஐந்து விடுதிகளும் முறை வைத்து எடுத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி பதிவு முடியும்வரை அட்டவணை போட்டு, வாசல் கதவிலும் மாணவர் வாட்ஸப் குழுவிலும் ஒட்டுகிறேன்.